ஜவ்வாது மலையில் ஒரு வம்சாவளித் தேடல்

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நீங்கள் பலமுறை சென்று வந்திருப்பீர்கள். சம்பந்தம் பேசவோ, தோல் வியாபாரத்தின் பொருட்டோ, பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கவோ சென்றிருப்பீர்கள். அவ்வூர்களுக்குத் தென்கிழக்கே நீல நிறத்தில் நீண்டு கிடக்கும் மலைத்தொடரைப் பேருந்தின் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரும்பியவர்களே நம்மில் அதிகம். அதுதான் ஜவ்வாது மலை. இன்று திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்கள் அதனைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன. உதகைபோல, கொடைக்கானல்போல அங்கே உல்லாச விடுதிகளை எதிர்பார்க்காதீர்கள். சாமைக் கொல்லைகளும், புளிய மரங்களும், பலாவும், தேனும், எஞ்சி நிற்கும் சில சந்தன மரங்களுமே அம்மலையின் செல்வங்கள். செய்யாறு பிறப்பது அங்கேதான்.

மலையின் பெயரைக் கேட்டவுடன் நம் வீட்டுப் பெரியவர்களின் அத்தர்ப் பெட்டி நினைவுக்கு வருவது இயல்பு. புனுகுப் பூனையிலிருந்து கிடைக்கும் நறுமணப் பொருளுக்கு அரபு மொழியில் ‘ஸபாத்’ என்று பெயர். தமிழின் சவ்வாது அச்சொல்லின் வழி வந்ததே. மலைக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவுண்டு என்று வாதாட நான் வரவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவு உறுதியாகிவிடாது என்பது இக்கட்டுரையில் நமக்குப் பலமுறை தேவைப்படும்.

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் சாலையில் காவலூர் என்றோர் ஊர் வரும். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். மரங்களுக்கு மேலே வெள்ளை நிறக் குவிமாடம் ஒன்று எழுந்து நிற்கும். தொலைவிலிருந்து பார்த்து, இக்காட்டில் இவ்வளவு பெரிய தர்காவா என்று நம்மவர் ஒருவர் வியந்தது உண்டு. அது வைணு பாப்பு வானாய்வுக் கூடம். 1968ஆம் ஆண்டு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் இங்கே பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதைக் கண்டறிந்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது, 1982இல் மறைந்த வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய தந்தையார் ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வுக் கூடத்தில் பணியாற்றியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

மனிதர்களுக்கு நஸப் இருப்பதுபோல் நிறுவனங்களுக்கும் உண்டு. காவலூரின் தாய் கொடைக்கானல். கொடைக்கானலின் தாய் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுப்பப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக் கூடம். 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வை நிறுவி, அதன் முதல் இயக்குநராக விளங்கியவர் சார்லஸ் மிச்சி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1876இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தவர், 1891இல் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பை ஏற்றார். ஓய்வு பெற்ற பின்பும் தாயகம் திரும்பாமல் கொடைக்கானலிலேயே வாழ்ந்து 1922இல் காலமானார்.

இவருடைய வேரைத் தேட விரும்புகிறவருக்கு வழி எளிது. தந்தை வில்லியம் பிரி ஸ்மித், அபர்டீன்ஷயரில் கீக் என்ற சிற்றூரின் கிறிஸ்தவ போதகர். தாய் ஜேன் ராபர்ட்சன். அண்ணன் இன்னார், சகோதரிகள் இன்னின்னார் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுதி வைப்பதில் சளைக்காதவர்கள். அவர்களின் திருச்சபைப் பதிவேடுகளுள் மிகப் பழையது 1553ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஞானஸ்நானம், திருமண அறிவிப்பு, அடக்கம் ஆகிய மூன்றும் அவற்றில் இடம்பெறும். 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட குடிமதிப்பில் வீட்டிலிருந்த ஒவ்வொருவரின் பெயரும் உண்டு. 1855 ஜனவரி முதல் நாள் அரசே பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவைத் தொடங்கியது. அம்முதலாண்டின் பிறப்புச் சான்றைப் பார்த்தால் வியப்பு மேலிடும். பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணம் முடித்த நாளும் இடமும், அக்குழந்தைக்கு முன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பது வரை எழுதியிருப்பார்கள். எழுத்தர்களால் தாங்க முடியவில்லை போலும். மறு ஆண்டே பல கேள்விகளைக் குறைத்துவிட்டனர். ஆகவே 1855இல் பிறந்த பாட்டன் ஒருவர் கிடைத்தால், வம்சம் தேடுகிறவர்கள் புதையல் கிடைத்ததாக மகிழ்வார்கள்.

நம் மிச்சி ஸ்மித் பிறந்தது 1854இல்! அரசுப் பதிவு தொடங்கச் சில மாதங்கள் இருந்தன. அதற்கு முன் தேட வேண்டியது ஸ்காட்லாந்தின் நிறுவப்பட்ட சபையின் ஏடுகளில். அவருடைய தந்தையாரோ 1843இல் அச்சபையிலிருந்து பிரிந்துபோன ‘ஃப்ரீ சர்ச்’ சபையைச் சார்ந்தவர். எனவே பழைய சபையின் ஏட்டை மட்டும் புரட்டுகிறவர் ஏமாறக்கூடும். எழுதுகிற வழக்கம் மிகுந்த நாட்டிலும், ஒரு போதகரின் மகனுக்கே இவ்வாறு இரண்டு ஏடுகளுக்கு இடையில் விழுந்துவிடும் ஆபத்து இருந்தது.

நாட்டை விட்டு வெளியேறியவர்களைத் தேடுவது இன்னும் கடினம். 1773இல் ‘ஹெக்டர்’ என்ற கப்பல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்களை ஏற்றிக்கொண்டு கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்றது. அதில் வந்தவர்களின் பட்டியலைத்தான் அங்குள்ள பல குடும்பங்கள் பெருமையுடன் காட்டுகின்றன. ஆனால் அப்பட்டியல் பல்லாண்டுகள் கழிந்த பின் நினைவிலிருந்து எழுதப்பட்டதாகும். அமெரிக்காவில் வம்சாவளி ஆய்வாளர்கள் ஒரு கதையைக் கேட்டாலே புன்னகை செய்வார்களாம்: “எங்கள் முன்னோர் மூன்று சகோதரர்கள், ஒன்றாகக் கப்பலேறி வந்து, ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து குடியேறினார்கள்” என்ற கதைதான் அது. அத்தனை குடும்பங்களிலும் அதே மூன்று சகோதரர்கள்!

இந்த மூன்று சகோதரர்களை நினைவில் வைத்துக்கொண்டு என்னுடன் வாருங்கள். காவலூரைக் கடந்தால் மலையாளிகளின் ஊர்கள். கேரளத்தாரை எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. பேசுவது தமிழ். பட்டப்பெயர் கவுண்டர். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று தம் பகுதிகளை ‘நாடு’ என்றே இன்றும் வழங்குகிறார்கள். சமவெளியில் கல்வெட்டுகளில் மட்டும் எஞ்சிய ஆட்சிப் பிரிவு, இங்கே பேருந்தின் பெயர்ப்பலகையில் உயிரோடிருக்கிறது.

ஒரு வீட்டுத் திண்ணையில் முதியவர் ஒருவர் அமரச் சொல்லி மோர் கொடுத்தார். எங்கள் தாடியையும் தொப்பியையும் பார்த்து, “பாய், தோல் வாங்க வந்தீங்களா?” என்றார். இல்லை, ஊர் பார்க்க வந்தோம் என்றதும் சிரித்தார். உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டதற்கு, அவர் சற்றும் யோசிக்கவில்லை. “காஞ்சிபுரம்” என்றார். “நாய்ங்கதான் திரும்பிப் போயிடுச்சு. எங்காளுங்க போகல.”

அந்த நாய்களின் கதை நூறாண்டுகளுக்கு முன்பே அச்சேறிவிட்டது. ஆர்தர் காக்ஸ் தொகுத்து 1881இல் வெளிவந்து, பின்னர் ஸ்டூவர்ட் திருத்திப் பதிப்பித்த வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டின் வழியாக அது அறிஞர்களிடையே பரவியது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் அது இடம்பெற்றது. கதை இதுதான். கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். அவர்கள் இகழ்ந்து மறுக்கவே, ஏழு பெண்களைக் கவர்ந்து சென்றனர். மீட்பதற்கு ஏழு ஆடவர்கள் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். “நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டதாகக் கொண்டு இறுதிச் சடங்குகளைச் செய்துவிடுங்கள்” என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர்கள் அரும்பாடுபட்டுக் கடந்தனர். நாய்கள் பாதி வழியில் திரும்பிவிட்டன. வேடர்களை வென்று பெண்களை மீட்டுக்கொண்டு ஊர் திரும்பியபோது, தம் மனைவியர் விதவைக் கோலத்தில் இருப்பதைக் கண்டனர். தமக்கே கருமாதி நடந்துவிட்டது. உயிரோடிருந்தும் ஊரார் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறிப் பயிர் செய்து வாழ்ந்தனர்.

எத்தனை துயரமான கதை! இறப்புப் பதிவு அவசரப்பட்டு எழுதப்பட்டதால் நாடிழந்தவர்களின் கதை என்று இதனைச் சொல்லத் தோன்றுகிறது.

கையேட்டில் இதற்கு ஆண்டும் கொடுக்கப்பட்டுள்ளது: சக ஆண்டு 1055. கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1132. அப்போது காஞ்சி சோழர்களின் கையில் இருந்தது. இனி, அருகிலுள்ள சேர்வராயன் மலையில் தர்ஸ்டன் கேட்டு எழுதிய கதையைப் பாருங்கள். தென்னகத்தில் முஸ்லிம் ஆட்சி ஓங்கியிருந்த காலத்தில், பத்துத் தலைமுறைக்கு முன், காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர்கள் வந்தார்கள். மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் சென்றனர். ஆம், அதே மூன்று சகோதரர்கள்! ஹெக்டர் கப்பலைக் கனவிலும் காணாத மலையில் அதே கதை எப்படி முளைத்தது? பிரிந்து வாழும் சுற்றத்தார், தாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை என்பதே என் கருத்து.

முஸ்லிம் ஆட்சி என்று வருவதால் நாம் இதனைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியுள்ளது. தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டுகள் என்று கொண்டு 1900இலிருந்து பின்னோக்கிச் சென்றால், 1600க்கும் 1650க்கும் இடைப்பட்ட காலம் வருகிறது. கோல்கொண்டா, பீஜப்பூர் சுல்தான்களின் படைகள் இப்பகுதிக்கு வந்தது 1640களில். கணக்கு ஓரளவு பொருந்துகிறது. ஆனால் அக்கதையில் அது காலத்தைச் சுட்டும் குறிப்பேயன்றிப் புறப்பட்டதற்கான காரணம் அன்று. இன்னொரு வடிவத்தில் காரணமாகச் சொல்லப்படுவது வேறு: கரிராமன் என்ற அவர்களின் தெய்வத்திற்குக் காஞ்சியில் இருப்புக் கொள்ளவில்லை, அது புறப்பட்டது, பக்தர்கள் பின்தொடர்ந்தனர் என்கிறது அக்கதை. எனவே யாரோ துரத்த யாரோ ஓடினார்கள் என்று இதற்குப் புதுச் சாயம் பூசுவோர் ஏட்டில் இல்லாததையே சொல்லுகின்றனர். தவிரவும், ஜவ்வாது மலைக் கதைக்கும் சேர்வராயன் மலைக் கதைக்கும் இடையே ஐந்நூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது. மூன்று சகோதரர்களில் ஒருவர்கூட ஜவ்வாது மலைக்கு வரவில்லை. ஒரே சமூகம் ஒரே நாளில் வந்தது என்று கொள்ள இக்கதைகள் இடம் தரவில்லை. பல காலங்களில், பல காரணங்களால், பல கூட்டங்கள் ஏறி வந்து, முன்பே இருந்தவர்களோடு கலந்து, ஒரு பெயரின் கீழ் ஒன்றானார்கள் என்பதே பொருத்தமாகப் படுகிறது. வேடர் குலப் பெண்களை மணந்தார்கள் என்று கதையே அதற்குச் சாட்சி சொல்லுகிறது அன்றோ?

முன்பே இருந்தவர்கள் யார்? அதற்குக் கல்தான் பதில் சொல்ல வேண்டும். கீழ்ச்செப்பிளி போன்ற இடங்களில், பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் உள்ளன. குள்ள மனிதர்கள் கட்டிக்கொண்ட வீடுகள் என்று அவற்றைப் பற்றி ஊரார் கதை சொல்லுவர். மலையின் அடிவாரத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து 1970களின் தொடக்கத்தில் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டைச் சொல்லி, ஆநிரை பூசலில் இன்னாருடைய ஆள் இன்னான் பட்டான் என்று வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று மகேந்திரவர்மன் காலத்தது. வீரன் விழுந்த பின் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாய் ஒன்றின் உருவமும் அதில் உண்டு. நாயின் பெயரும் உண்டு. கோவிவன் என்பது அதன் பெயர். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. பாலாற்றைக் கடந்த ஏழு மனிதர்களில் ஒருவருடைய பெயரும் தெரியவில்லை.

இங்கே மிச்சி ஸ்மித்தின் குடும்பத்திற்கு மீண்டும் செல்ல வேண்டியுள்ளது. அவருடைய அண்ணன் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித், 1846இல் பிறந்தவர். வேத நூலை வரலாற்று முறையில் ஆராய்ந்தார் என்பதற்காக அவருடைய சபையே அவரை விசாரித்து, 1881இல் அபர்டீன் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கியது. அதற்கு முந்திய ஆண்டில் ஜித்தாவிலிருந்து தாயிஃப் வரை பயணம் செய்தவர். பின்னர் கேம்பிரிட்ஜில் அரபு மொழி கற்பித்தார். 1885இல் பண்டைய அரபியரின் உறவுமுறையையும் திருமணத்தையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அரபுக் கபீலாக்களின் வம்சாவளிகள் யாவும் ஆதியிலிருந்து அப்படியே வந்தவை அல்ல, ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்திய தீவானுடன் சேர்த்தே அவை முறைப்படுத்தப்பட்டன என்பது அவர் முன்வைத்த வாதம்.

அந்நூலின் எல்லா முடிவுகளையும் நம் உலமாக்கள் ஏற்க மாட்டார்கள். பிற்கால மேனாட்டு அறிஞர்களே பலவற்றைத் தள்ளிவிட்டனர். ஆனால் தீவானைப் பற்றிய செய்தி நம் சரித்திர நூல்களிலேயே உள்ளதுதான். அரசின் வருவாயை மக்களுக்குப் பங்கிட ஒரு பதிவேடு தேவைப்பட்டது. குறைஷியரின் நஸபை நன்கறிந்த அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் ஆகிய மூவரை அழைத்துக் கலீஃபா அப்பணியை ஒப்படைத்தார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பனூ ஹாஷிம் கிளையிலிருந்தே பட்டியல் தொடங்க வேண்டும் என்றும், தம் கிளை அதற்குரிய இடத்தில்தான் வர வேண்டும் என்றும் பணித்தார்கள். மானியம் கிடைக்க வேண்டுமாயின் பெயர் ஏட்டில் இருக்க வேண்டும். ஏட்டில் இருக்க வேண்டுமாயின் கபீலா தெரிய வேண்டும். வாய்மொழியாக இருந்த நஸபு எழுத்தில் உறைந்தது அப்படித்தான். ஹிஷாம் இப்னுல் கல்பீ போன்றோர் பெரும் வம்சாவளி நூல்களை எழுதியதெல்லாம் அதற்குப் பின்னரே.

ஜவ்வாது மலையின் தீவான் இன்று வேறோர் உருவில் இருக்கிறது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் என்பது அதன் பெயர். வருவாய்க் கோட்டாட்சியர் அதனை வழங்க வேண்டும். அது இன்றிக் கல்லூரியில் இடமில்லை, உதவித்தொகை இல்லை, அரசு வேலை இல்லை. 1994இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் விசாரணை முறையை வகுத்துத் தந்தது. விண்ணப்பிப்பவரின் தெய்வம் எது, திருமணச் சடங்கு என்ன, ஈமச் சடங்கு என்ன என்றெல்லாம் கேட்டறிய வேண்டும் என்றது. சுதந்திரத்திற்கு முந்திய ஆவணங்களுக்கே எடை அதிகம் என்பதும் நீதிமன்றங்களின் நிலை. 2023இல் அதே நீதிமன்றம், சடங்குகளைக் கேட்டறியும் சோதனை இறுதியான உரைகல் அன்று என்று தெளிவுபடுத்தியது. நன்று. ஆனால் ஆவணமே எழுதப்படாத மலையில் சுதந்திரத்திற்கு முந்திய காகிதத்திற்கு எங்கே போவது?

பட்டியலோ இன்னும் விந்தையானது. ‘மலையாளி’ என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயர்கள் உள்ளன: தர்மபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி. அவற்றுள் வடஆர்க்காடு, தென்னார்க்காடு என்ற மாவட்டங்களே இன்று கிடையா. ஆயினும் பட்டியலில் அவை வாழ்கின்றன. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர், கடம்பூர் மலைகள் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தன. கோயம்புத்தூர் பட்டியலில் இல்லை. எனவே அங்குள்ள மலையாளிகள் பழங்குடியினர் ஆகவில்லை. நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று சகோதரர்களின் கதை உண்மையோ பொய்யோ, மாவட்ட எல்லை சகோதரர்களைப் பிரித்துவிட்டது மட்டும் உண்மை.

இன்று இம்மலையிலிருந்து இறங்கிச் செல்கிறவர்கள் பலர். கேரளத்திற்கும் கர்நாடகத்திற்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் கப்பல் பட்டியல் இல்லை. 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றபோது, அவர்களுள் ஜவ்வாது மலையைச் சார்ந்தவர்களும் இருந்தனர்.

நாம் மட்டும் வேறுபட்டவர்கள் என்று எண்ண வேண்டாம். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் போன உங்கள் பாட்டனார் எந்த ஆண்டில் கப்பலேறினார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். உங்கள் மஹல்லாவின் பழைய நிக்காஹ் தஃப்தர் எங்கிருக்கிறது என்று முத்தவல்லியிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளிவாசல் பரணில் கரையான் அரித்தது போக எஞ்சியிருந்தால், மணமகன், வலீ, இரு சாட்சிகள் என நான்கு பெயர்களாவது ஒரு பக்கத்தில் கிடைக்கும்.

நாங்கள் புறப்பட எழுந்தபோது, திண்ணைப் பெரியவரின் பேரன் பள்ளியிலிருந்து வந்தான். பன்னிரண்டாம் வகுப்பு. சான்றிதழ் விசாரணை அடுத்த வாரமாம். அதிகாரி என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தாத்தாவிடம் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான். குலதெய்வத்தின் பெயரை எழுதினான். தாலி கட்டும் முறையை எழுதினான். பூர்வீகம் என்று எழுதிவிட்டுத் தாத்தாவைப் பார்த்தான். சற்று முன் எங்களிடம் காஞ்சிபுரம் என்று தயங்காமல் சொன்னவர் இப்போது அவசரமாகக் கையை அசைத்தார்.

“காஞ்சிபுரம்னு எழுதிடாதடா. அது லிஸ்ட்ல இல்ல. வடாற்காடுன்னு எழுது.”